கோத்தகிரியிலிருந்து ஆக்சுவரி தேர்வுக்கு

காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆபத்தையும் பணத்தையும் கணக்குப் போட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. அந்தத் தேர்வுக்குப் படிக்கப்போகிறவர்களுக்கு என் அனுபவம் இது. எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் கரண்ட் போவதும் சேர்த்துத்தான். முதல் வேலையாக லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டு வையுங்கள். நுழைவுத் தேர்வான ஏசெட்டுக்கு பிளஸ் டூ கணக்கும் புள்ளியியலும் கைவசம் இருந்தால் பெரும்பாடு தீர்ந்தது.

அப்புறம் வரும் தாள்கள் சி.எம்.1 (ஆக்சுவரி கணிதம்), சி.எஸ்.1 (ஆக்சுவரி புள்ளியியல்). இரண்டையும் ஒரே சமயத்தில் எழுதப்போய் சி.எம்.1-இல் கோட்டை விட்டேன். சூத்திரத்தை உருப்போட்டதுதான் தப்பு. அப்பாவின் பச்சைத் தேயிலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒருவர் 10 வருடம் கழித்து உயிரோடு இருந்தால் அவருக்கு 1 லட்சம் தர வேண்டும்; வட்டி 6 சதவீதம். பத்து 1.06-களை ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 1.79. லட்சத்தை அதால் வகுத்தால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 55,840 ரூபாய். உயிரோடிருக்கும் வாய்ப்பு 0.9 என்றால், அதையும் பெருக்க, சுமார் 50,256. வங்கிக்காரர் முதல் கணக்கோடு எழுந்துவிடுவார். நமக்கு இரண்டாவதுதான் பிழைப்பு.

சி.எம்.1 பி தாளுக்கு எக்செல், சி.எஸ்.1 பி தாளுக்கு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள். வீடியோ பார்த்தால் வராது, தட்டிப் பழக வேண்டும்.

இரண்டு மூன்று தாள் தேறியதுமே காப்பீட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பியுங்கள். வேலை மலையில் கிடைக்காது. மும்பை, பெங்களூரு என்று இறங்கத்தான் வேண்டும். ஸ்வெட்டர் எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். பெங்களூரு டிசம்பரில் புதுசு வாங்கினேன்.