சூப்பர் கப் விமானத்துக்குப் பெரிய புரொப்பெல்லர்: தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறை

அலாஸ்காவில் ஆற்று மணல்திட்டுகளிலும் சரளைப் படுகைகளிலும் இறங்கி ஏறும் பைப்பர் பி.ஏ.-18 சூப்பர் கப் என்ற சிறு விமானங்களில், 74 அங்குல விட்டமுள்ள வழக்கமான புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு 82 அங்குலத்தைப் பொருத்துவது நெடுநாளைய பழக்கம். மெக்காலி நிறுவனத்தின் 1ஏ175 வகையைச் சேர்ந்த அந்தப் பெரிய புரொப்பெல்லரை அங்குள்ளவர்கள் ‘போரர் புரொப்’ என்றே அழைப்பார்கள். 150 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-320 இயந்திரமும் 31 அங்குல டயர்களும் கொண்ட ஒரு சூப்பர் கப்பில் இந்த மாற்றத்தைச் செய்தபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே தருகிறேன். விமானப் பராமரிப்பின் அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

விட்டம் மட்டும் எவ்வளவு தரும்?

ஒரே திறனைக் கொண்டு அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளினால் நின்ற நிலையில் உந்துவிசை கூடும். இலட்சியக் கணக்கில் அந்த விசை, விட்டத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 74-இலிருந்து 82-க்குப் போனால் கிடைப்பது ஏறத்தாழ 7 விழுக்காடுதான். இதற்காகவா இத்தனை செலவு என்று தோன்றும். உண்மையான ஆதாயம் பிட்ச் குறைவதில் இருக்கிறது. பிட்ச் என்பது, வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தொலைவு. பிட்ச் அதிகமுள்ள புரொப்பெல்லர், ஓட்டம் தொடங்கும்போது இயந்திரத்தை நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்குப் போகவிடாது. 2,300-இலேயே பிடித்து நிறுத்தினால், முறுக்குவிசை மாறாது என்று கொண்டாலும் 150 குதிரைத்திறனில் சுமார் 128 மட்டுமே வெளிவரும். பெரிய புரொப்பெல்லரின் 41 அங்குலப் பிட்ச் இயந்திரத்தை வேகமாகச் சுழலவிடுவதால், நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய திறன், தேவைப்படும் இடத்தில் கைக்கு வருகிறது.

இதற்கு விலை உண்டு. 2,400 சுற்றில் பழைய புரொப்பெல்லரின் 56 அங்குலப் பிட்சுக்கு, வழுக்கல் இல்லாத வடிவியல் வேகம் மணிக்குச் சுமார் 205 கி.மீ.; 41 அங்குலத்துக்கு அது 150 கி.மீ. பறக்கும் வேகம் இந்த எண்களோடு அப்படியே பொருந்தாது என்றாலும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி பயணத்தில் நன்றாகத் தெரியும். உங்கள் பறப்பில் பெரும்பகுதி நீண்ட ஓடுதளத்திலிருந்து நீண்ட ஓடுதளத்துக்கு என்றால், பழைய புரொப்பெல்லரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

முதலில் பதிவேடு

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் விமானத்தின் பதிவேடுகளைப் படிக்க வேண்டும். ஓ-320 என்ற பெயர் மட்டும் போதாது. 7.0:1 அழுத்த விகிதமுள்ள 150 குதிரைத்திறன் இயந்திரம் பிற்பாடு 8.5:1 பிஸ்டன்களோடு 160 ஆக மாற்றப்பட்டிருக்கலாம். புரொப்பெல்லருக்கான துணை வகைச் சான்றிதழ் (விமானத்தின் மூல வடிவமைப்பில் ஒரு மாற்றத்தை அனுமதிக்கும் அரசு ஆவணம்) எந்த இயந்திர மாதிரியைக் குறிப்பிடுகிறதோ, அதற்கு மட்டுமே அது செல்லும். உலோகப் புரொப்பெல்லரும் வளைத்தண்டும் ஒன்றின் அதிர்வை மற்றொன்று பெருக்கக்கூடும் என்பதால் இதை வெறும் காகிதச் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. டயர், இயந்திரம், புரொப்பெல்லர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் இருந்தாலும், அவை ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று பார்ப்பது பொருத்துபவரின் பொறுப்பு. ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக்கிடம் இதை முன்னதாகவே பேசிவிடுங்கள். கடைசியில், பெரிய மாற்றங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசுப் படிவமான 337-இல் கையெழுத்திடப் போகிறவர் அவர்தான்.

தரை இடைவெளி

விட்டம் 8 அங்குலம் கூடினால் தரை இடைவெளி குறைவது 4 அங்குலம். சூப்பர் கப்பைப் போன்ற வால் சக்கர விமானத்துக்கு 9 அங்குல இடைவெளி வேண்டும் என்பது, சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளின் பகுதி 23 திருத்தி எழுதப்பட்ட 2017 வரை, எண்ணாகவே அதில் இருந்தது. இன்றும் அதையே கைக்கொள்வது நல்லது. விமானத்தை முழுச் சுமையோடு நிறுத்தி, வாலைத் தூக்கி, உடற்பகுதியைச் சமமட்டத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். வால் தரையில் இருக்கும்போது அளந்தால் புரொப்பெல்லர் உயரமாக நிற்கும். அந்த எண்ணை நம்பக்கூடாது. ஒரு டயர் முழுவதும் காற்றிறங்கினாலும் நுனி தரையைத் தொடக்கூடாது என்பதும் அதே பழைய விதியில் இருந்தது. 31 அங்குல டயர்கள் சக்கர அச்சைச் சாதாரண டயரைவிட 4 அங்குலத்துக்கும் மேல் உயர்த்துவதால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அவற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதால் சற்றே அமுங்கும். நீங்கள் உண்மையில் ஓட்டும் அழுத்தத்திலேயே அளந்துகொள்ளுங்கள்.

நுனி வேகம்

82 அங்குலம் 2,700 சுற்றில் சுழலும்போது நுனி விநாடிக்கு 294 மீட்டர் வேகத்தில் செல்கிறது; 15 பாகை செல்சியஸில் இது ஒலிவேகத்தின் 0.87 மடங்கு. 74 அங்குலத்துக்கு இது 0.78. குளிர் கூடக்கூட ஒலிவேகம் குறைவதால், உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் பெரிய புரொப்பெல்லரின் நுனி 0.92-ஐ எட்டிவிடும். அங்கே கூடும் திறனில் ஒரு பங்கு இரைச்சலாகவே போகும். 82-க்கு மேல் போக ஆசைப்படுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

பொருத்துதல்

போல்ட்டுகளை உற்பத்தியாளர் கையேட்டிலுள்ள முறுக்கு அளவுக்கே இறுக்கிப் பாதுகாப்புக் கம்பி கட்ட வேண்டும். பிறகு இரு நுனிகளும் ஒரே தடத்தில் போகின்றனவா என்று பாருங்கள்; உலோகப் புரொப்பெல்லருக்கு வழக்கமான வரம்பு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மூக்கில் எடை மாறியிருப்பதால் எடைச் சமநிலைக் கணக்கைப் புதிதாக எழுதுங்கள். இயங்குநிலைச் சமன்செய்தலுக்கும் (இயந்திரத்தை ஓடவிட்டு அதிர்வை அளந்து எடையைச் சரிசெய்வது) பணம் ஒதுக்குவது வீண்செலவல்ல.

நின்ற நிலைச் சுற்றுகள்

மற்ற எல்லாப் படிகளையும்விட என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இதுதான். விமானத்தை அசையாமல் நிறுத்தி முழுத் திராட்டில் (இயந்திரத் திறனைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) கொடுத்தால் கிடைக்கும் சுற்றுக்குச் சான்றிதழில் ஒரு மேல் வரம்பும் ஒரு கீழ் வரம்பும் இருக்கும். கீழே நின்றால் இயந்திரம் தளர்ந்திருக்கலாம், அல்லது பிட்ச் அதிகமாக இருக்கலாம். மேலே போனால் பிட்ச் மிகக் குறைவு. சிக்கல் என்னவென்றால், விமானத்தின் பழைய இயந்திரவகை டேக்கோமீட்டரில் (சுற்றுகளை அளக்கும் கருவி) காந்தம் வலுவிழக்கும்போது அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். முள் 2,450-இல் நிற்க, இயந்திரம் 2,550 சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த முள்ளை நம்பி பிட்சை மாற்றச் சொன்னால், நல்ல புரொப்பெல்லரைக் கெடுத்து வாங்கி வருவீர்கள்.

ஆகவே கையில் பிடிக்கும் ஒளிவகை டேக்கோமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். கைப்பேசிச் செயலிகள் எனக்குத் திருப்தி தரவில்லை. புரொப்பெல்லருக்கு இரண்டு இதழ் என்று கருவியில் அமைத்து, பழைய வகைக் குழல்விளக்கை நோக்கிப் பிடித்தால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவில் அது 3,600 காட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் உள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் 3,000. கருவி சரியா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. இதே காரணத்தால், குழல்விளக்கு எரியும் விமானக் கொட்டகையின் அருகில் சோதனை செய்யாதீர்கள்.

சரளை இல்லாத தளத்தில், காற்று அடங்கிய காலை நேரத்தில், வாலைக் கட்டி, சக்கரங்களுக்குத் தடை வைத்து, எண்ணெய் சூடான பிறகு அளவெடுக்க வேண்டும். விமானி அறையில் ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, அளப்பவர் புரொப்பெல்லரின் சுழல்தளத்துக்கு நேராகவோ முன்னாலோ நிற்காமல், இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாக அளப்பது மேல். எண்ணைக் குறித்ததும் திராட்டிலைக் குறைத்துவிடுங்கள். வரம்புக்குள் இல்லையென்றால் பிட்சை மாற்றும் வேலை புரொப்பெல்லர் பட்டறைக்கு உரியது.

பறக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிட்ச் குறைந்த இந்தப் புரொப்பெல்லர், சமமட்டப் பறப்பில் முழுத் திராட்டில் கொடுத்தால் 2,700 என்ற சிவப்புக் கோட்டை, அதாவது இயந்திரத்தின் உச்ச வரம்பை, எளிதில் தாண்டிவிடும். ஆகவே ஏறி முடித்தவுடன் திராட்டிலைப் பின்னிழுப்பது கைக்குப் பழக வேண்டும்.

பிற்சேர்க்கை

குளிர்காலத்தில் சக்கரத்தைக் கழற்றிப் பனிச்சறுக்குப் பலகை மாட்டினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி: பெரிய டயர் தந்த உயரம் டயரோடு போய்விடும். பலகையின் தாங்கி உயரத்தைக் கொண்டு 9 அங்குலக் கணக்கை மறுபடியும் போடுங்கள். மிதவை மாட்டுபவர்களுக்கு நீர்ப்பரப்பிலிருந்து 18 அங்குலம் என்பது பழைய விதியின் பொது அளவு. நீர்த்துளிகள் இதழ் முனையை அரிப்பதால், அவர்கள் ஒவ்வொரு நாளும் முனையை விரலால் தடவிப் பார்த்து, பள்ளம் தென்பட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்டிச் சீர்செய்துகொள்ள வேண்டும்.