ரப்பர் செடி இலைக்குள் ஒரு திராட்சைக் கொத்து: மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கிறோமே, தடித்த பளபளப்பான இலையோடு ரப்பர் செடி, அதைத்தான் இன்று சீவிப் பார்க்கப் போகிறோம். கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு. இது ஆல், அரசு, அத்தி வகையறா. தாவரவியல் பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. தொட்டியில் அடக்கமாக நின்றாலும், காட்டில் ஓங்கி வளரும் பசுமை மாறா மரம். மேகாலயாவின் உயிருள்ள வேர்ப் பாலங்கள் இதன் வேர்களைப் பின்னி வளர்த்தவைதான்.

தேவையானவை: புது சவர பிளேடு, ஒரு கேரட் துண்டு, கிண்ணத்தில் தண்ணீர், மெல்லிய தூரிகை, ஸ்லைடு (கண்ணாடிப் பட்டை), அதன் மேல் மூடும் மெல்லிய கவர் ஸ்லிப், கொஞ்சம் வினிகர், டிஷ்யூ பேப்பர். சாதாரணப் பள்ளி மைக்ராஸ்கோப் போதும்.

1. இலை. நன்றாக முற்றிய இலையை எடுங்கள். சிவப்பு உறைக்குள்ளிருந்து இப்போதுதான் விரிந்த இலையில் நாம் தேடுவது இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பறித்ததும் பால் வடியும்; தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

2. சீவுதல். நடு நரம்பை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்து சிறு துண்டு நறுக்குங்கள். கேரட்டைப் பிளந்து, இலைத் துண்டை நடுவில் செருகி, இரண்டையும் சேர்த்து ஈர பிளேடால் உங்களை நோக்கி ஒரே இழுப்பில் சீவுங்கள். விரல் பத்திரம். இருபது, முப்பது சீவல் போடுங்கள். முழுச் சீவல் வரவில்லையே என்று கவலை வேண்டாம். ஓரத்தில் கண்ணாடி போல மெலிந்த சீவல் ஒன்று கிடைத்தால் போதும்.

3. ஸ்லைடு. மெலிந்ததைத் தூரிகையால் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். முதல் தடவை சாயம் வேண்டாம். பச்சையம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் அப்படியே தெரிவதுதான் அழகு.

4. மேலிருந்து கீழே. 10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். உச்சியில் மெழுகுப் படலமான கியூட்டிக்கிள். அதன் கீழே நிறமற்ற செல்கள், ஓர் அடுக்கல்ல, பல அடுக்கு. இதுதான் பல்லடுக்குப் புறத்தோல்: ஒரே அடுக்காகப் பிறந்து, இலை வளரும்போது பிரிந்து பலவானது. தண்ணீரைச் சேமிக்கும் இடமும் இதுவே. அடுத்து, நெருக்கி நிற்கும் பச்சை பாலிசேட் செல்கள். அப்புறம் காற்றிடைவெளி நிறைந்த பஞ்சுத் திசு. இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டும், சற்றே பள்ளத்தில் இருக்கும்.

5. கொத்து. இப்போது மேல் புறத்தோலுக்குத் திரும்புங்கள். அங்கங்கே ஒரு செல் மட்டும் பெரிதாக ஊதி, பாலிசேட் வரை இறங்கியிருக்கும். அதற்குள் மேல் சுவரிலிருந்து ஒரு காம்பு இறங்கி, நுனியில் சொரசொரப்பான திராட்சைக் கொத்து ஒன்று தொங்கும். அதன் பெயர் சிஸ்டோலித். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருள். பிளேடு செல்லின் நடுவே போயிருந்தால்தான் காம்பு தெரியும். இல்லாவிட்டால் வெறும் உருண்டைதான். அடுத்த சீவலைப் பாருங்கள், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

6. வினிகர். படம் எடுத்து முடித்த பிறகு இதைச் செய்யுங்கள், கொத்து திரும்பி வராது. கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரைத் தொட வையுங்கள். வினிகர் உள்ளே இழுபடும். லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் கொத்தைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடு. குமிழி அடங்கியதும் பாருங்கள்: கல் கரைந்துபோய், காம்பும் அதன் நுனியில் மங்கலான செல்லுலோஸ் கூடும் மட்டும் மிஞ்சியிருக்கும்.