'சிமோன்' பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

கணினியில் உருவான நடிகையை நிஜப் பெண் என்று உலகை நம்பவைக்கும் இயக்குநரின் கதையான 'சிமோன்' (2002) என்னும் ஆங்கில நகைச்சுவைப் படத்தைச் சேலத்தில் நண்பர்களுக்குத் திரையிட்டால், விளக்கைப் போட்டவுடனே "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்பதற்கு மேல் பதில் வராது. முதலில் ஆளுக்கொரு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்து, வாய்விட்டுச் சிரித்த ஒரே ஒரு காட்சியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு, இயக்குநராக நடித்த அல் பசீனோ கணினி முன் தனியாக அமர்ந்து பேச, அதையே திரையில் சிமோன் பேசும் காட்சியை மீண்டும் ஓட்டிக்காட்டி, அங்கே சிரிப்பு வந்ததா, இரக்கம் வந்ததா என்று கேளுங்கள். கருத்துகள் பிரிவது இங்கேதான். படத்தின் உயிரும் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். சிமோனாக நடித்தவர் ரேச்சல் ராபர்ட்ஸ் என்ற நிஜப் பெண்தான் என்பதை அதுவரை சொல்லாமல் வைத்திருங்கள். சொன்னபின் யார் கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் வந்திருந்தால், "ஐயா, நடிகரே இல்லாத படப்பிடிப்பை ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல் பேசவிடுங்கள். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "சூப்பர்" என்றதைச் "சிறப்பு" என்று திருத்த வேண்டாம்.