ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறியவள் சொல்வது: சுற்றுச்சூழல் முதுகலை படிப்பது எப்படி?

அப்பா சேகோ மில்லில், அதாவது குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலையில், வேலை பார்த்தார். கிழங்கு சீசன் வந்துவிட்டால் ஆத்தூர் பக்கம் எங்கள் தெரு முழுக்க ஒரு புளித்த வாடை அடிக்கும். வருகிற விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது சம்பள வாடை. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, “சுற்றுச்சூழல் எம்.எஸ்சி. படிக்கப் போறேம்ப்பா” என்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அதைப் படிச்சுட்டு வந்து மில்லை மூடச் சொல்லுவியா?”

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சேலத்தில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் கேட்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் கேட்பது, எந்தப் படிப்பு என்று. அறிவியலில் இளங்கலை முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். சேலத்தைச் சுற்றி இருப்பவர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம், பெரியார் பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் துறை இருக்கிறது. புதுச்சேரி, ஜே.என்.யூ. மாதிரி மத்தியப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் க்யூயெட் முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சிவில், கெமிக்கல் என்று பி.இ. படித்தவர்களுக்கு எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல். பொறியியல் முதுகலைக்கான கேட் (GATE) தேர்வில் 2021 முதல் இதற்கென்றே தனித்தாள் வந்திருக்கிறது. பொருளாதாரம், சமூகவியல் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நீடித்த வளர்ச்சி, கொள்கை சார்ந்த எம்.ஏ. படிப்புகள் உண்டு.

பெயரில் ‘சஸ்டைனபிலிட்டி’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அரசு வேலை அறிவிப்புகளில் பட்டத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள். பெயர் கொஞ்சம் மாறினாலும் இணையான பட்டம் என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். அரசு வேலை மனதில் இருந்தால் பழைய அறிவிப்புகள் இரண்டை எடுத்து, நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேரும் முன் துறைக்கு நேரில் ஒருமுறை போய் வாருங்கள். கட்டடம் எப்படி இருந்தால் என்ன, கடைசி வருஷப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்குபேட்டர் (மாதிரிகளை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் பெட்டி) ஓடுகிறதா? களப்பணிக்குப் போன மாதம் எங்கே போனீர்கள்? “போகணும்னு சொல்லியிருக்காங்க” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பேராசிரியர்களிடம் பிஎச்.டி. முடித்தவர்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தலைப்புகளை மட்டும் மேய்ந்தாலே அந்தத் துறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, இனி நான் செய்த தப்பு. சேலத்திலேயே படித்திருக்கலாம். ஊரைவிட்டுப் போனால்தான் படிப்பு என்று நினைத்து, மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பிராஜெக்ட் தலைப்பு கேட்டபோது ‘திருமணிமுத்தாற்றின் நீடித்த மேலாண்மை’ என்று எழுதிக் கொடுத்தேன். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துக்குள் சாக்கடையையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. அதை முழுசாக ஆறு மாதத்தில் ஒருத்தி ஆராய்வதாம்! கைடு ஒரு கோடு போட்டு அடித்தார். “நீ நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் என்னம்மா இருக்கு?” என்றார். வீட்டுக்குப் பின்னால் ஓடை இருந்தது.

கேள்வி அப்படிச் சுருங்கினால்தான் பதில் வரும். மில் கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, சேர்ந்ததும் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கீழே ஒன்று. கரைந்த ஆக்ஸிஜன், பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்), சி.ஓ.டி. (அதே கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்), அமிலத்தன்மை. சீசனில் ஒருமுறை, சீசன் முடிந்து ஒருமுறை. இவ்வளவுதான் என் எம்.எஸ்சி.

ஆக்ஸிஜன் பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரியில் போய்விடும். 300 மி.லி. கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, ஒரு குமிழி கூட மாட்டாமல் நிரப்ப வேண்டும். கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., அப்புறம் கார அயோடைடு-அசைடு 2 மி.லி. பிப்பெட் நுனி நீருக்குள் இருக்க வேண்டும், மேலே இருந்து சொட்டவிட்டால் காற்றும் கூடவே இறங்கும். மூடியைப் போட்டுத் தலைகீழாக நாலு தடவை கவிழ்த்தால் உள்ளே படிவு விழும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. முதல் நாள் அப்பாவும் ஓடைக்கு வந்திருந்தார். மேலே எடுத்த குப்பி டீத்தூள் மாதிரி பழுப்பாக இறங்கியது. மில்லுக்குக் கீழே எடுத்தது பால் வெள்ளை. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “மாவு கலந்திருக்கா?” என்றார். “மாவு இல்லப்பா, தண்ணியில காத்து இல்ல” என்றேன். அவர் குப்பியைத் திருப்பித் தரக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆய்வகத்துக்கு வந்ததும் கந்தக அமிலம் ஊற்றினால் பழுப்பு கரைந்து மஞ்சளாகும். அதில் 203 மி.லி. எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டு (டைட்ரேட் செய்வது என்பார்கள்), மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும்போது ஸ்டார்ச் விட வேண்டும் (எங்கள் ஊர் சரக்குதான்). நீலம் வரும், அது மறையும் இடத்தில் நிறுத்தினால், செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்ஸிஜன். கணக்கே போட வேண்டாம்.

பி.ஓ.டி.க்கு எடுத்த குப்பிகளில் எதையும் ஊற்றக் கூடாது, ஐஸில்தான் கொண்டுபோக வேண்டும். மீன்காரர் கொடுத்த தெர்மோகோல் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் செய்கிற நேரத்தில் ஐஸ் உருகும். அதைவிடப் பெரிய அடி வேறு ஒன்று. பி.ஓ.டி. குப்பிகள் 27 டிகிரியில் மூன்று நாள் இன்குபேட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை வரை. ஜெனரேட்டர் இன்குபேட்டர் இருந்த அறைக்குக் கிடையாது. சீசன் உச்சத்தில் எடுத்த மாதிரிகள் மொத்தமும் போச்சு. அதற்கப்புறம் நாளிதழில் ‘நாளைய மின்தடை’ பகுதியைப் பார்க்காமல் நான் ஓடைக்கே போனதில்லை.

ஆய்வகம் ஒத்துவராதவர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி. பழைய மரங்களின் நிழலில் வளரும் காப்பிக்கும் சில்வர் ஓக் மட்டும் வைத்த காப்பிக்கும் பறவையிலும் மண்ணிலும் என்ன வித்தியாசம் என்பது ஒரு எம்.எஸ்சி.க்குத் தாங்கும் கேள்வி. கயிறு, அளவு நாடா, மரத்தை மார்பு உயரத்தில் சுற்றளவு எடுக்கப் பொறுமை, இவை போதும். காப்புக் காடு என்றால் வனத்துறை அனுமதி, தோட்டம் என்றால் முதலாளி அனுமதி. விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே கொடுங்கள், கடைசி செமஸ்டரில் கொடுத்தால் பட்டம் முந்திக்கொள்ளும். காலையில் தனியாகப் போக வேண்டாம், காட்டெருமை வழிவிடாது. தாவரவியல் பிள்ளைகள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும் ஏற்காட்டிலேயே பார்த்துவிடலாம்.

மூக்கனேரி மாதிரி ஏரியை எடுப்பவர்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து தொடங்கலாம். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசம், அவற்றைத் திறந்து பார்க்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இதையும் கொஞ்சம் புள்ளியியலையும் முதல் வருஷமே கற்றுக்கொள்ளுங்கள். நான் கடைசி மாதத்தில் அழுதுகொண்டே கற்றேன்.

சட்டத் தாளை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள்தான் அதிகம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (ஒரு திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பது) அறிவிக்கை என்று வருஷங்களைக் கோத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பதில் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ‘மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும்’ என்பது நம் பாலாற்றங்கரைத் தண்ணீர் வழக்கு வழியாகவும் இந்தியச் சட்டத்தில் உறுதியானது. அப்புறம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மாவட்டத்தில் குவாரி, சுரங்கம் என்று ஏதாவது வரும்போது முப்பது நாள் முன்பே அறிவிப்பு வரும், தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதில் ‘அருகில் நீர்நிலை இல்லை’ என்று எழுதியிருக்க, எழுந்து நிற்கும் பாட்டி தன் கிணற்றைப் பற்றிப் பேசுவார். மதிப்பீட்டு அறிக்கையை எப்படி எழுதக் கூடாது என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று ஒரு தாள் வரும், ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை என்று கணக்கிடுவது. பலரும் பயப்படுவார்கள். ஒரு கிலோ ஜவ்வரிசியை வைத்து யோசித்தால் பயம் போய்விடும். கணக்கு குச்சிக்கிழங்கு வயலில் தொடங்குகிறதா, மில் வாசலிலா? மாட்டுத் தீவனமாகப் போகும் திப்பிக்கு (கிழங்குச் சக்கை) எவ்வளவு பங்கு போடுவது? கழிவுநீர் திறந்த குட்டையில் புளித்தால் மீத்தேன் மேலே போகும். நூறு வருஷக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அதே கழிவுநீரை மூடிய கலனில் விட்டால் எரிவாயு. அந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போன் செய்து, “மில்லை மூட வேண்டாம்ப்பா, குட்டையை மூடினா போதும்” என்றேன். “அதை முதலாளிகிட்ட யார் சொல்றது?” என்றார்.

வேலை? கல்லூரி ஆசிரியராக நெட் அல்லது செட் தகுதித் தேர்வு எழுதலாம், சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை நாபெட் என்ற அங்கீகார வாரியத்தின் ஒப்புதல் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள் தயாரிக்கின்றன, அங்கே காற்று, நீர், உயிரியல் என்று துறைவாரியாக ஆள் தேவை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, அங்கே பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியிருப்பதால் அந்தப் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு அந்த வேலையில் அவ்வளவாக ஈர்ப்பு இல்லை, எண்களின் பின்னால் இருக்கும் ஓடையைப் பார்க்காமலே அறிக்கை எழுதிவிட முடியும். சம்பளம் என்னவோ அங்கேதான் அதிகம்.

களத்துக்குப் போகும் பைக்குள்: கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றப் பழைய துண்டு, பென்சில் (பேனா மை ஐஸ் தண்ணீரில் கரையும்), லேபிள், கையுறை, குடிக்கத் தனித் தண்ணீர். கூடவே ஒரு மாற்றுச் செருப்பு. சேகோ ஓடைச் சேற்றோடு ஏறினால் பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வரும்.