கில்ட் வார்ஸ் 2-க்குத் திரும்புகிறீர்களா? எக்ஸ்பான்ஷன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் விட்டுவிட்டு கில்ட் வார்ஸ் 2 என்ற இணைய விளையாட்டுக்குத் திரும்பி வருகிறவர் கடைப்பக்கத்தைப் பார்த்தால் மலைத்துப்போவார். மூல விளையாட்டு வந்தது 2012 ஆகஸ்டில். அதன்பிறகு ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் (2015), பாத் ஆஃப் ஃபயர் (2017), எண்ட் ஆஃப் டிராகன்ஸ் (2022), சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் (2023), ஜாந்தீர் வைல்ட்ஸ் (2024), விஷன்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி (2025) என்று ஆறு எக்ஸ்பான்ஷன்கள் (புதுக் கதையும் இடங்களும் சேர்க்கும் விரிவாக்கங்கள்) வந்துவிட்டன. போதாததற்கு, நடுவில் லிவிங் வேர்ல்டு என்ற பெயரில் தனியாக விற்கும் கதைத் தொடர்கள் வேறு. மாதச் சந்தா கிடையாது என்பதால் எல்லாவற்றையும் இன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், "புதுசு எதுவோ அதை வாங்கு" என்ற பழக்கம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டில் அது சரி. அங்கே புதிய எக்ஸ்பான்ஷன் வந்ததும் பழைய கவசத்துக்கு மதிப்பு போய்விடும், கூட்டமும் புது இடத்துக்குப் போய்விடும். அதேபோன்ற ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் கடைசி எக்ஸ்பான்ஷனை வாங்கினால் முந்தையவையும் கூடவே கிடைத்துவிடும். இந்த இரண்டு கணக்குமே இங்கே செல்லாது. கில்ட் வார்ஸ் 2-இல் உச்ச லெவல் 2012-இல் 80; இன்றைக்கும் 80தான். 2012 இறுதியில் அறிமுகமான அசெண்டட் என்ற உச்சத் தரத்தின் எண்களைத் தாண்டி இதுவரை எதுவும் வரவில்லை. அன்று கஷ்டப்பட்டுச் செய்த கவசத்தை இன்று அப்படியே போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகலாம். ஆனால் விஷன்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியை வாங்கினால் அது மட்டும்தான் கைக்கு வரும், பழையது எதுவும் கூட வராது. இதில் ஒரே விலக்கு பாத் ஆஃப் ஃபயர்: அதை வாங்கினால் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் சேர்ந்தே வரும்.

பழைய வரைபடங்கள் (விளையாட்டு உலகின் பகுதிகள்) வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்து ஒதுக்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். ஹார்ட் ஆஃப் தார்ன்ஸின் ஆரிக் பேசின் என்ற வரைபடத்தில் தாரிர் என்ற பொன்னகரம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே பெரிய சண்டை தொடங்கும். நகரத்தின் நான்கு வாசல்களிலும் ராட்சதக் கொடிகள் எழும்பி நிற்கும். நான்கையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வீழ்த்தியாக வேண்டும். ஒரு வாசலில் ஆள் குறைந்தால் எல்லோருடைய உழைப்பும் வீண். அதனால் சண்டைக்கு முன்பே ஒருவர் தளபதிச் சின்னத்தைத் தலைக்குமேல் ஏற்றிக்கொண்டு, "வடக்கே ஆள் போதும், தெற்கே போங்கள்" என்று சாட்டில் கத்திக்கொண்டிருப்பார். 2015-இல் வந்த வரைபடம் இது. இன்றும் அங்கே ஆள் சேர்கிறது. ஒரு நிறுவனம் தன் பழைய உழைப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதால்தான் இந்த விளையாட்டின்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

அடுத்த தவறு கொஞ்சம் ஆபத்தானது, போட்ட பணமே பயனில்லாமல் போகும். இந்த விளையாட்டு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது 2022 ஆகஸ்டில்தான். அதற்கு முன் ஆடியவர் என்றால் உங்கள் கணக்கு, விளையாட்டைத் தயாரித்த அரீனாநெட் நிறுவனத்திடம் நேரடியாகத் தொடங்கிய கணக்கு. ஸ்டீமில் வாங்கும் எக்ஸ்பான்ஷன் ஸ்டீம் வழியே தொடங்கிய கணக்குக்கு மட்டுமே பொருந்தும். இரண்டையும் இணைக்க வழி இல்லை. ஸ்டீமில் தள்ளுபடி என்று பார்த்ததும் வாங்கிவிட்டு, பழைய கதாபாத்திரங்களோடு அது சேரவில்லையே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். அதனால் வாங்குவதற்கு முன் பழைய கணக்கில் ஒருமுறை உள்ளே போய்விடுங்கள். மூல விளையாட்டு இலவசம் என்பதால் இதற்குச் செலவே இல்லை. கடவுச்சொல் மறந்துவிட்டதென்று புதுக் கணக்கு தொடங்க வேண்டாம். பழைய மின்னஞ்சல், கதாபாத்திரங்களின் பெயர், அன்று வாங்கிய சீரியல் எண் என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்து ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள்.

அப்படி எழுதிக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் பிறந்தநாள் பரிசு வந்துகொண்டே இருந்திருக்கும். அதில் புதுக் கதாபாத்திரத்தின் லெவலை ஒரே அடியில் ஏற்றும் சுருள்களும் உண்டு. அதோடு, லிவிங் வேர்ல்டு அத்தியாயம் வெளியான சமயத்தில் ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால்கூட அந்த அத்தியாயம் உங்கள் கணக்கில் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும். H விசையை அழுத்தி, கதைக் குறிப்பேட்டைத் திறந்து எதெல்லாம் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே கையில் இருப்பதற்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை.

லிவிங் வேர்ல்டை மறந்துவிடுவதும் பெரிய தவறு. இந்த விளையாட்டின் கதை எக்ஸ்பான்ஷனிலிருந்து எக்ஸ்பான்ஷனுக்கு நேராகத் தாவுவதில்லை. மூன்றாம் சீசன் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸுக்கும் பாத் ஆஃப் ஃபயருக்கும் நடுவில் நடக்கிறது. நான்காம் சீசனும் அதையடுத்த ஐஸ்புரூட் சாகா என்ற தொடரும் அதற்குப் பிறகு, எண்ட் ஆஃப் டிராகன்ஸுக்கு முன்னால் நடக்கின்றன. ஆரீன் என்ற டிராகன் முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்து ஆளாவதெல்லாம் இந்த இடைவெளிகளில்தான். இதைத் தாண்டிக் குதித்து நேரே எண்ட் ஆஃப் டிராகன்ஸுக்குள் போனால், எல்லோரும் உயிரைக் கொடுத்துக் காக்கிற அந்த டிராகன் யாரென்றே புரியாது. கதைக்காக ஆடுகிறவருக்கு இது பெரிய நஷ்டம். முதல் சீசன் 2022 முதல் எல்லோருக்கும் இலவசம். இரண்டாம் சீசன் முதல் ஐஸ்புரூட் சாகா வரை ஜெம்ஸ் (விளையாட்டின் கடை நாணயம்) கொடுத்து வாங்க வேண்டும். ஆட்டத்தில் சேர்த்த தங்கத்தையே ஜெம்ஸாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பொறுமை இருந்தால் பணமே தேவையில்லை. முதல் மூன்று எக்ஸ்பான்ஷன்களையும் இந்த சீசன்களையும் சேர்த்து எல்டர் டிராகன் சாகா என்ற முழுத்தொகுப்பாகவும் விற்கிறார்கள். கதை முழுக்க வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவர் தள்ளுபடிக்குக் காத்திருந்து அதை வாங்குவது நல்லது. சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் முதல் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் வரும் கதை அத்தியாயங்கள் எக்ஸ்பான்ஷன் விலைக்குள்ளேயே அடக்கம்.

சரி, முதலில் எது? என்னைக் கேட்டால் 2017-க்கு முன்பே விட்டுப்போனவர் கண்ணை மூடிக்கொண்டு பாத் ஆஃப் ஃபயர் வாங்கலாம். கதையின் தொடக்கத்திலேயே ராப்டர் என்ற சவாரி கிடைத்துவிடும். அதை அந்த எக்ஸ்பான்ஷனின் பாலைவனத்தில் மட்டுமல்ல, பழைய வரைபடங்களிலும் ஓட்டலாம். அன்று மூச்சிரைக்க ஓடிக் கடந்த சமவெளியை இன்று நாலு தாவலில் தாண்டிவிடுவீர்கள். கூடவே வரும் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் காற்றில் மிதந்து செல்லும் கிளைடிங்கைத் தருகிறது. ரெவனன்ட் என்ற புதுத் தொழிலும் (கதாபாத்திரத்தின் போர் வகை) அதில்தான் அறிமுகமானது. அடுக்கடுக்கான அதன் காட்டு வரைபடங்கள் அந்தக் காலத்தில் பலரை அழவைத்தன. சவாரிகள் கையில் இருந்தால் அந்தக் கஷ்டம் பாதியாகிவிடும். பறந்து திரிய ஆசை என்றால் அடுத்தது சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர். ஸ்கைஸ்கேல் என்ற பறக்கும் சவாரி அதில் மிகச் சுலபமாகக் கிடைக்கிறது. ஜாந்தீர் வைல்ட்ஸை வீடு கட்டி அலங்கரிக்கப் பிடித்தவர்களும், ஈட்டியைத் தரையில் ஏந்திச் சண்டையிட விரும்புகிறவர்களும் வாங்கலாம்.

உங்கள் தொழில் எது என்று பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு தொழிலின் ஆட்டமுறையையே மாற்றும் எலைட் ஸ்பெஷலைசேஷன்கள் எல்லா எக்ஸ்பான்ஷனிலும் வருவதில்லை. சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூரிலும் ஜாந்தீர் வைல்ட்ஸிலும் புதிதாக எதுவும் கிடையாது. நெக்ரோமான்சர் என்றால் ரீப்பர் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸில், ஸ்கர்ஜ் பாத் ஆஃப் ஃபயரில், ஹார்பிஞ்சர் எண்ட் ஆஃப் டிராகன்ஸில். தனியாக ஆடுகிறவருக்கு ரீப்பரைப்போல் தெம்பு தருவது அரிது. ஆக நெக்ரோமான்சர் ஆடுகிறவருக்கு மிகப் பழைய எக்ஸ்பான்ஷன்தான் மிகப் பயனுள்ளதாக அமையலாம்.

எந்தப் பதிப்பு என்பதிலும் நிதானம் வேண்டும். அல்டிமேட் பதிப்பில் 4000 ஜெம்ஸ் சேர்ந்து வரும். அதைத் தனியாக வாங்கினால் 50 டாலர். லிவிங் வேர்ல்டுக்கோ பை இடத்துக்கோ எப்படியும் ஜெம்ஸ் வாங்கப்போகிறவருக்கு அது நஷ்டமில்லை. மற்றவர்கள் ஸ்டாண்டர்டோடு நிறுத்திக்கொள்ளலாம், வரைபடமோ கதையோ எதுவும் குறையாது.

எக்ஸ்பான்ஷனோடு லெவல் 80 பூஸ்ட் (கதாபாத்திரத்தை நேராக 80-க்கு ஏற்றும் பொருள்) வந்தால் அன்றைக்கே பயன்படுத்திவிடாதீர்கள். முதலில் அதைச் சோதனையாக ஆடிப் பார்க்க வசதி இருக்கிறது. தொழில் பிடித்திருந்தால் மட்டும் உறுதி செய்யலாம். பழைய கதாபாத்திரம் ஏற்கெனவே 80-இல் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். 2015-இல் கதாபாத்திரத்தின் திறன்களைத் தேர்ந்தெடுக்கும் டிரெய்ட் முறை முழுக்க மாறியதால், அதற்கு முன் விட்டவருக்குத் தன் கதாபாத்திரமே அடையாளம் தெரியாது. எக்ஸ்பான்ஷன் வரைபடத்துக்குப் போவதற்கு முன், குயின்ஸ்டேல் மாதிரி ஒரு தொடக்க வரைபடத்தில் மாலைப் பொழுது ஒன்றைச் செலவிட்டு, எந்த விசை என்ன செய்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.