கீழ்முதுகு வலி எங்கிருந்து கிளம்புகிறது? பரிசோதனைகளுக்குத் தயாராவது எப்படி

மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது எம்ஆர்ஐ கவரைத்தான். அதை மேசையில் வைத்துவிட்டு, "வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பேன். ரிப்போர்ட்டை அப்புறம்தான் பார்ப்பேன். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதனால் 'டிஸ்க் பல்ஜ்' என்ற வரியைப் படித்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடம்பைத் தொட்டுப் பார்த்ததில் தெரிவதும் படத்தில் தெரிவதும் ஒத்துப்போக வேண்டும்.

அதற்கு முன் ஓர் அவசர விஷயம். சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலம் சட்டென்று குறைவது: இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கால் வலியும் சேர்ந்திருந்தால் மல்லாந்து படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கிப் பார்ப்போம். 30 முதல் 70 டிகிரிக்குள் முட்டிக்குக் கீழே வரை மின்னல் மாதிரி வலி இறங்கினால் நரம்பு வேர் உறுத்தப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். தொடைக்குப் பின்னால் இழுப்பது மட்டும் தசை இறுக்கமாக இருக்கலாம். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் வலி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி நான் கீழே அழுத்துவேன். அது தளர்ந்தால் பெரும்பாலும் எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேர். முன்பாதத்தில் எழும்பி நடக்க முடியாவிட்டால் அதற்கு அடுத்துக் கீழே இருக்கும் எஸ்1 நரம்பு வேர். நரம்புக்கும் தசைக்கும் எடுக்கும் ஈஎம்ஜி சோதனையைக் கால் வலி தொடங்கிய முதல் வாரங்களில் எடுத்தால் தெளிவாகத் தெரியாமல் போகலாம். சுமார் மூன்று வாரமாவது ஆகவேண்டும்.

வலியைக் காட்டும் உங்கள் விரல் இடுப்பின் கீழே தெரியும் சிறு குழிக்குச் சற்றுக் கீழே போய் நின்றால், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் எஸ்ஐ மூட்டைப் பார்ப்போம். அந்த மூட்டை வெவ்வேறு விதமாக அழுத்தும் சோதனைகளில் குறைந்தது மூன்று உங்கள் வலியைக் கிளப்பினால்தான் அடுத்த கட்டம். 'உங்கள் வலி' என்பது முக்கியம். அழுத்தினால் எங்கேயும் வலிக்கும். நீங்கள் தினமும் படுகிற அதே வலியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் ஃபேசட் மூட்டுகளைக் கையாலோ படத்தாலோ உறுதிசெய்ய முடியாது. அதற்கு மீடியல் பிராஞ்ச் பிளாக் என்ற ஊசி. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு சிறு நரம்புகள்; எக்ஸ்ரேயில் பார்த்தபடி அவற்றை மரத்துப்போகச் செய்வார்கள். ஒரே ஊசியில் பொய்யான நிவாரணம் அடிக்கடி வருவதால், பல இடங்களில் வேறொரு நாள் இரண்டாவது முறையும் போடுவார்கள்: ஒருமுறை சீக்கிரம் தெளியும் லிடோகெய்ன், ஒருமுறை நீடித்து நிற்கும் பூபிவகெய்ன்.

இந்தப் பரிசோதனையின் பாதி வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. வலி இருக்கிற நாளில் போங்கள். அன்றைக்கு வலி மாத்திரையைத் தவிர்க்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்கு முன், வலியைக் கிளப்பும் அசைவைச் செய்து 0 முதல் 10-க்குள் மதிப்பெண் குறியுங்கள். ஊசி போட்டபின், எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அதே அசைவை அரைமணிக்கு ஒருமுறை செய்து, நேரத்தோடு எழுதுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் வலி குறைந்தது ஊசியாலா ஓய்வாலா என்றே தெரியாது. "பரவாயில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 8 இருந்தது, 2 ஆனது, மதியத்துக்கு மேல் மறுபடி 7 என்றால் அதை வைத்து முடிவெடுக்கலாம்.

டிஸ்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தம் கொடுக்கும் டிஸ்கோகிராம் கடைசியில்தான். ஊசி குத்திய டிஸ்குகள் பத்து ஆண்டுகளில் வேகமாகத் தேய்ந்ததாக 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. அறுவைசிகிச்சை பற்றிய பேச்சே இல்லாதபோது டிஸ்கோகிராம் எடுக்கச் சொன்னால், "முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.