புது எலக்ட்ரிக் பிக்கப் வாங்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

காசிமேட்டில் மீன் ஏற்றவோ, மணலி பக்கம் சரக்கு ஓட்டவோ எலக்ட்ரிக் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் முதலில் டிஸ்பிளேயைக் காட்டுவார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். செல்போன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனியுங்கள்.

நம் பக்கம் உப்புக்காற்று. போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடியும். துரு பெரும்பாலும் வெல்டிங் ஓரத்திலும் போல்ட் தலையிலும்தான் தொடங்கும். அங்கே பெயின்ட் முழுதாக மூடியிருக்கிறதா? பின் தொட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடிந்து போக வேண்டும். மூலையில் தேங்கினால் அந்த வடிவமைப்பே நமக்கு ஆகாது. என் கணக்கில் இதுதான் முதல் சோதனை.

ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம், தொடாதீர்கள். தொங்காமல் கிளிப்பில் இறுக்கமாக நிற்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். பேட்டரிக்கு ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்த தரம். அது நல்ல தண்ணீரில், பேட்டரி பெட்டிக்கு மட்டும் செய்த சோதனை. மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அதை நம்பி வண்டியை இறக்க வேண்டாம்.

கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருந்தால் சரி.

டெஸ்ட் டிரைவைச் சுமை ஏற்றியே கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பின்கதவு தடதடக்கிறதா என்பதெல்லாம் காலி வண்டியில் சரியாகத் தெரியாது.